கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கிறது, சிஆர்பி ஏறியிருக்கிறது: எதை நம்புவது?

கேள்வி: "டாக்டர், எனக்கு வயது 54. என் அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. அதனால் நான்கு ஆண்டுகளாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் கெட்ட கொழுப்பு எல்டிஎல் 118, நல்ல கொழுப்பு எச்டிஎல் 46, டிரைகிளிசரைடு 140. போன வாரம் எடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 84, எச்டிஎல் 33, டிரைகிளிசரைடு 192. எச்எஸ்-சிஆர்பி என்று புதிதாக ஒன்றையும் பார்த்தார்கள். அது 8.4 என்று வந்தது. பக்கத்தில் 'அதிக ஆபத்து' என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. பரிசோதனைக்குப் பத்து நாட்களுக்கு முன் எனக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். சிஆர்பி என்பது தமனியை அரிக்கும் புரதம் என்று படித்தேன், உண்மையா? கெட்ட கொழுப்பு இவ்வளவு குறைந்துவிட்டதே, ஸ்டாட்டினைப் பாதியாக்கலாமா? அழற்சி அடங்க வலி மாத்திரையைத் தினம் ஒன்று போடச் சொல்கிறார் என் அண்ணன். போடலாமா? மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது. வயதாகிவிட்டது, வேறென்ன."

பதில்: உங்கள் கேள்விகள் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. கேள்வியாகக்கூட எழுதாமல் கடைசியில் தள்ளிவிட்டீர்களே, விரல்கள் மடங்காத அந்த ஒரு மணி நேரம், அதுதான். அதற்கு வருவதற்கு முன் உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுவோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

முதலில் சிஆர்பி. எச்எஸ்-சிஆர்பி என்பது இதையே நுண்ணிய அளவில் அளக்கும் பரிசோதனை. சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற இந்தப் புரதத்தை 1930இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் உடலில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளோடு அது ஒட்டிக்கொண்டது. கிருமி மீதும், சிதைந்துபோன நம் செல்கள் மீதும் ஒட்டி, 'இதை அப்புறப்படுத்து' என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. அதைத் தயாரிப்பது பெரும்பாலும் கல்லீரல். தயாரிக்கச் சொல்லி ஆணையிடுவது இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருள். அழற்சி என்பது கிருமிக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்வினை. உடலில் எங்கே அது இருந்தாலும், அந்த இடம் நுரையீரலோ, பல் ஈறோ, மூட்டோ, வயிற்றுக் கொழுப்போ, அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 இரத்தத்தில் வரும். கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். கடுமையான தொற்றில் அதன் அளவு ஆயிரம் மடங்குவரைகூட ஏறும்.

எனவே 8.4 என்ற எண் 'எங்கோ அழற்சி இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்கிறது. எங்கே என்று அது சொல்லாது. உங்கள் இதயத் தமனியில்தான் என்று அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

தமனியை அரிக்கும் புரதம் என்று நீங்கள் படித்தது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருகின்றன என்பது 1997இல் அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த ஆய்விலிருந்து திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடும் 31,245 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்து நேரக்கூடிய மாரடைப்பையும் மரணத்தையும் எல்டிஎல்லைவிட சிஆர்பியே தெளிவாக முன்கூட்டிக் காட்டியது. அது பொய்யில்லை. முன்கூட்டிக் காட்டுவது வேறு, அதுவே நோயை உண்டாக்குவது வேறு என்ற இடத்தில்தான் பல கட்டுரைகள் சறுக்கிவிடுகின்றன.

தொடக்கத்தில் ஆய்வுக்கூடங்களிலும் அந்தச் சறுக்கல் நடந்தது. இரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் மீது சிஆர்பியை ஊற்றியபோது அவை சேதமடைந்தன என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. பிறகு பார்த்தால், அந்தச் சேதத்தில் கணிசமான பங்கு சிஆர்பியால் நேர்ந்ததல்ல. புரதம் கெடாமல் இருக்கக் குப்பியில் கலந்திருந்த சோடியம் அசைடும், அதில் ஒட்டியிருந்த பாக்டீரியா நச்சும்தான் காரணம். அவற்றை நீக்கிச் சுத்தமான சிஆர்பியைப் பயன்படுத்தியபோது விளைவு பெருமளவு மறைந்துபோனது.

இதைவிடத் திட்டவட்டமான பதில் மரபணு ஆய்வுகளிலிருந்து வந்தது. பிறவியிலேயே சிஆர்பியைச் சற்று அதிகமாகச் சுரக்கும் மரபணு அமைப்பு சிலருக்கு உண்டு. சிஆர்பிதான் தமனியைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வர வேண்டும். வரவில்லை. 2008இலும் 2011இலும் வெளியான பெரிய ஆய்வுகள் இரண்டும் இதையே சொன்னன. ஆனால் 2012இல் இன்டர்லூக்கின்-6 ஏற்பியின், அதாவது அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதத்தின், மரபணுவைப் பார்த்தபோது கதை மாறியது. அந்தச் சமிக்ஞை பிறவியிலேயே சற்று மந்தமாக உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஆக, தமனிக்குக் கேடு செய்வது மேலே ஓடும் அழற்சிப் பாதை. சிஆர்பி அதன் கடைசிப் படியில் பிறந்து, அளக்க வசதியாக நம் கைக்குக் கிடைக்கிறது. சிஆர்பியை மட்டும் இறக்குவதற்கென்று எதையாவது வாங்கிச் சாப்பிடுவதில் பொருள் இல்லை; அதை ஏற்றிவிடுவது எது என்று தேட வேண்டும்.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருகிறேன். ஒரு சிறு எச்சரிக்கை: அலகைப் பாருங்கள். இதயத்துக்கான சிஆர்பியை லிட்டருக்கு மில்லிகிராம் என்று சொல்வது வழக்கம். சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு என்று அச்சிடுகின்றன. அப்போது எண் பத்து மடங்கு மாறிவிடும். உங்கள் தாளில் லிட்டர் என்றே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்ற எல்லைகளை 2003இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகுத்தன. அந்தச் சிவப்பு எழுத்து இதிலிருந்து வருவது. ஆனால் அதே பரிந்துரை இன்னொன்றும் சொன்னது: உடல் நலமாக இருக்கும்போது, இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து சராசரி பாருங்கள், 10க்கு மேல் போனால் தொற்றைத் தேடுங்கள். இந்தப் பாதியை அச்சிடும் ஆய்வகத்தை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். காய்ச்சல் வந்து பத்தாவது நாளில் ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து ஒருவருக்கு இதய ஆபத்து என்று அச்சிடுவது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். எத்தனை பேர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுப் போகிறார்கள்!

ஆனால் 'காய்ச்சலால் ஏறியது, அவ்வளவுதான்' என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சிஆர்பிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம். நோய் எதுவானாலும் அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. கல்லீரல் சுரப்பதை நிறுத்திவிட்டால் அடுத்த நாளே அளவு பாதிக்கும் கீழே வந்துவிடும், அதற்கடுத்த நாள் அதிலும் பாதி. சாதாரண நெஞ்சுச் சளி பத்து நாட்களில் அடங்கியிருந்தால் 8.4 இருந்திருக்கக் கூடாது. ஒன்று, சளி முழுதாக அடங்கவில்லை. அது நடக்கக்கூடியதுதான், இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். அல்லது, வேறு எங்கிருந்தோ தொடர்ந்து உந்துதல் வந்துகொண்டிருக்கிறது. அந்த வேறு இடம் உங்கள் விரல் மூட்டுகளாக இருக்குமோ என்பதுதான் என் சந்தேகம்.

இனி கொலஸ்ட்ரால். எல்டிஎல் 118இலிருந்து 84 ஆனதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறீர்கள். பக்கத்து எண்களையும் சேர்த்துப் படியுங்கள். எச்டிஎல் 46இலிருந்து 33 ஆகியிருக்கிறது. டிரைகிளிசரைடு 140இலிருந்து 192 ஆகியிருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்தாலோ, நீங்கள் உணவைக் கட்டுப்படுத்தியிருந்தாலோ எச்டிஎல் இப்படி விழாது, டிரைகிளிசரைடு ஏறாது. எல்டிஎல்லும் எச்டிஎல்லும் ஒருசேர இறங்கி, டிரைகிளிசரைடு மட்டும் ஏறுவது அழற்சியின் கைவரிசை. எனக்கு இதைப் படித்ததும் தோன்றியது, 'மாத்திரை வென்றுவிட்டது' என்பதல்ல, 'உடம்பு எதையோ எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறது' என்பதே.

ஏன் அப்படி நடக்கிறது? அழற்சிக் காலத்தில் கொழுப்பைக் கையாளும் முறையையே உடல் மாற்றிக்கொள்கிறது. கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களைக் கூடுதலாக அனுப்புகிறது. அவற்றைக் கரைக்கும் நொதி மந்தமாகிறது. எனவே டிரைகிளிசரைடு தேங்குகிறது. எல்டிஎல் துகள்கள் இரத்தத்திலிருந்து வேகமாக எடுக்கப்படுகின்றன. மாரடைப்பு வந்து ஓரிரு நாட்களில் எடுக்கும் கொலஸ்ட்ரால் அளவு அந்த நோயாளியின் வழக்கமான அளவைவிடக் குறைவாக வருவதும், பெரிய அறுவை சிகிச்சை அல்லது கடும் தொற்றுக்குப் பின் பல வாரங்கள் காத்திருந்து பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான்.

எச்டிஎல்லின் கதை இன்னும் நுட்பமானது. உங்கள் முதல் கேள்விக்கான மெய்யான பதிலும் அங்கேதான் இருக்கிறது. அழற்சியில் கல்லீரல் சுரப்பது சிஆர்பி ஒன்றை மட்டுமல்ல. சீரம் அமிலாய்டு ஏ என்று அதன் கூடப்பிறப்பு ஒன்று உண்டு. அதுவும் ஆயிரம் மடங்குவரை ஏறும். சிஆர்பி இரத்தத்தில் தனித்து மிதக்கிறது. சீரம் அமிலாய்டு ஏ போய் எச்டிஎல் துகள்களில் ஏறிக்கொள்கிறது. எச்டிஎல்லின் முதன்மைப் புரதம் அப்போ ஏ-1. தமனிச் சுவரில் கொழுப்பைத் தின்று வீங்கிக் கிடக்கும் செல்களிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது அந்தப் புரதத்தின் திறமையால்தான். படகில் துடுப்புப் போடுகிறவர்களை இறக்கிவிட்டு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? சீரம் அமிலாய்டு ஏ ஏறும்போது அப்போ ஏ-1 துகளிலிருந்து இடம்பெயர்கிறது. எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் பாராக்ஸோனேஸ் என்ற நொதியும் குறைகிறது. சீரம் அமிலாய்டு ஏ தமனிச் சுவரின் நாரிழைகளோடு ஒட்டும் குணம் கொண்டது. அதனால் துகளே சுவரில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. நலமான தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிதளவு பாக்டீரியா நச்சு செலுத்தித் தற்காலிக அழற்சியை உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய எச்டிஎல், செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே எடுக்கும் திறனை அப்போது இழந்தது.

அதாவது, எச்டிஎல் அளவு குறைவது ஒரு பக்கம்; மிச்சமிருப்பதும் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்பது இன்னொரு பக்கம். எச்டிஎல்லில் எண்ணைவிட வேலைத்திறன் முக்கியம் என்பதற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை எழுபது சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006இல் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். மாறாக, எச்டிஎல் எவ்வளவு கொலஸ்ட்ராலை வெளியே எடுக்கிறது என்று அளந்து 2014இல் வெளியான ஆய்வில், அந்தத் திறன் அதிகமுள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. எச்டிஎல் எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படியே.

சீரம் அமிலாய்டு ஏ-யையாவது தமனியின் எதிரி என்று சொல்லிவிடலாமா என்றால், அதிலும் நிதானம் தேவை. எலிகளில் அதைச் செயற்கையாகக் கூட்டியபோது தமனிப் படிவு கூடியது. ஆனால் அதன் இரண்டு முக்கிய வடிவங்களை நீக்கிப் பார்த்த எலிகளில் படிவு குறையவில்லை. இதை அளந்து ஒருவருக்குச் சிகிச்சை தீர்மானிக்கும் வழக்கம் இல்லை. நீங்களும் அந்தப் பரிசோதனையைத் தேடிப் போக வேண்டாம். இவ்வளவையும் சொன்னது ஒரே காரணத்துக்காக: அழற்சியும் கொலஸ்ட்ராலும் இரண்டு தனித்தனி நோய்கள் போலத் தாளில் தனித்தனிப் பக்கத்தில் அச்சாகின்றன, உடலுக்குள் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எல்டிஎல் துகள் தமனிச் சுவரில் புகுந்து மாட்டிக்கொள்கிறது, விழுங்கணுக்கள் அதைத் தின்று நுரைத்துப் போகின்றன, உள்ளே சேரும் கொலஸ்ட்ரால் படிகமாகி அந்தச் செல்களையே குத்திக் கிளறுகிறது, அங்கிருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருள் வெளிப்படுகிறது, அது இன்டர்லூக்கின்-6ஐக் கூட்டுகிறது, கல்லீரல் சிஆர்பியையும் சீரம் அமிலாய்டு ஏ-யையும் சுரக்கிறது, எச்டிஎல் தன் திறன் இழக்கிறது, சுவரில் உள்ள கொழுப்பு வெளியே போகும் வழி அடைபடுகிறது. சுற்றிச் சுற்றி வருகிறதல்லவா? எங்கே அறுத்தாலும் பயன் உண்டு. ஆனால் எல்டிஎல் பக்கம் அறுப்பதுதான் இன்றுவரை மிகப் பாதுகாப்பான, மிக நன்றாக நிரூபணமான இடம்.

அதனால் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில்: ஸ்டாட்டினைக் குறைக்காதீர்கள். ஒரு மில்லிகிராம்கூட. 84 என்பது உங்கள் மெய்யான எல்டிஎல் என்று நான் நம்பவில்லை. அது மெய்யாகவே இருந்தாலும், அழற்சி உள்ளவருக்கு ஸ்டாட்டின் இன்னும் அதிகமாகவே தேவைப்படும். 2008இல் வந்த ஜூபிடர் ஆய்வில் எல்டிஎல் 130க்குக் கீழே, சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேரை எடுத்துக்கொண்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் பாதியாகவும் சிஆர்பி 37 சதவீதமும் இறங்கின. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் முதலியவை சேர்ந்து 44 சதவீதம் குறைந்தன. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், நடுவில் சராசரியாக இரண்டு ஆண்டுகூட ஆவதற்குள் சோதனையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்த குடும்பம் உங்களுடையது. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்ற கேள்வி நாளை எழலாம். குறைக்கும் பேச்சுக்கு இடமில்லை.

அண்ணன் சொன்ன வலி மாத்திரை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த ஒரு யோசனைதான் உங்கள் கடிதத்திலேயே உடனடி ஆபத்து உள்ளது. அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் போன்றவை, வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். தமனியைப் பாதிக்கிற இன்டர்லூக்கின் பாதையை அவை தொடுவதில்லை. அதற்கு மேல், தொடர்ந்து சாப்பிட்டால் மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன; இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன; சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கின்றன. ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பைக் கூட்டியதால்தான் 2004இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 'அழற்சி எதிர்ப்பு' என்று அட்டையில் எழுதியிருக்கும் எல்லாமே தமனிக்கு நல்லது என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். விரல் வலிக்கு மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குத் தந்தால் அது வேறு விஷயம்.

அழற்சிப் பாதையையே நேரடியாக மறித்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. அவற்றைப் பற்றியும் நீங்கள் எங்காவது படிப்பீர்கள். 2017இல் வந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்து, சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்கு இன்டர்லூக்கின்-1 பீட்டாவை முடக்கும் கனாகினுமாப் ஊசி போட்டார்கள். எல்டிஎல் அசையவே இல்லை. ஆனால் 150 மில்லிகிராம் அளவில் மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் 15 சதவீதம் குறைந்தன. அழற்சியைத் தனியாகத் தணித்தாலும் தமனிக்கு நன்மை உண்டு என்று மனிதர்களில் முதலில் நிரூபித்தது அதுதான். கூடவே தொற்றால் இறந்தவர்கள் சற்று அதிகமானார்கள். எனவே அது இதய மருந்தாக வரவில்லை. கௌட் என்ற கீல்வாதத்துக்குப் பழங்காலம் தொட்டு வரும் கால்கிசின் மருந்தைத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகள், 2019இலும் 2020இலும், நல்ல பலன் காட்டின. 2024இல் வந்த இன்னொன்று பலன் காட்டவில்லை. இதெல்லாம் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கானது. உங்களுக்கு இப்போது பொருந்தாது.

சரி, உங்கள் விரல்கள்.

மூட்டு தேய்ந்ததால் வரும் விறைப்பு காலையில் பெரும்பாலும் சில நிமிடங்களில், அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். ஒரு மணி நேரம் மடங்காமல் இருந்து, கையை அசைக்க அசைக்க இளகுவது அழற்சி மூட்டு நோயின் குணம். வயதின் தலையில் அதைப் போடாதீர்கள். இரண்டு கைகளிலும் இருக்கிறதா? விரல் நுனி மூட்டை விட்டுவிட்டு, நடு மூட்டும், விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி மூட்டும் வலிக்கின்றனவா? கை குலுக்குவது போல ஒருவர் உங்கள் முட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? மோதிரம் இறுகுகிறதா? ஆறு வாரங்களுக்கு மேல் இப்படி இருக்கிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் முடக்குவாதம் என்ற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை விலக்கிப் பார்த்தாக வேண்டும்.

இதய மருத்துவம் பற்றிய கேள்விக்கு நான் ஏன் மூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், சிஆர்பியும் கொலஸ்ட்ராலும் பற்றி நாம் பேசியது எல்லாம் ஒரே நோயாளியிடம் ஒன்றுசேர்ந்து தெரிகிற நோய் முடக்குவாதம். அந்நோய் மும்முரமாக இருக்கும்போது எல்டிஎல் குறைவாக இருக்கும், எச்டிஎல் குறைவாக இருக்கும், அதே நேரம் மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கங்கள், வழக்கமான இதய ஆபத்துக் கணக்கில் வரும் எண்ணை முடக்குவாத நோயாளிக்கு 1.5ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கின்றன. 'கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு மாரடைப்போடு வரும் முடக்குவாத நோயாளிகளைப் பார்க்கும் வேதனை இதய மருத்துவர்களுக்குத் தெரியும். அந்தக் குறைந்த எண் அழற்சி தின்றுவிட்ட எண்.

முடக்குவாதம் என்று உறுதியானால், சிகிச்சை தொடங்கியதும் உங்கள் எல்டிஎல் ஏறும். இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்போது பயந்துபோய் மூட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இன்டர்லூக்கின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் போன்ற மருந்துகளில் இந்த ஏற்றம் நன்றாகவே தெரியும். ஆனாலும் 3,000க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளிடம் அதை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டபோது மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை கூடவில்லை. அழற்சி மறைத்துவைத்திருந்த எல்டிஎல் வெளியே தெரிய வருகிறது என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப ஸ்டாட்டினைச் சரிசெய்ய வேண்டியதுதான். முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டு நோய் இல்லாத 4,786 இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிஆர்பியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 'இதயத்துக்குப் பயனில்லாத மருந்து' என்று யாராவது அதைக் காட்டிச் சொன்னால், உங்கள் நிலைமை வேறு என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே அணைக்க வேண்டிய அழற்சி பெரிதாக இருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. முடக்குவாதத்தில் அழற்சிதான் நோயே.

நான் சொல்வது முடக்குவாதமாக இல்லாமலும் போகலாம். தைராய்டுக் குறைவு, நீரிழிவு, சில வைரஸ் தொற்றுகள்கூட விரல்களை விறைக்க வைக்கும். தைராய்டுக் குறைவு கொலஸ்ட்ராலையும் ஏற்றும் என்பதால் அதையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது.

பரிசோதனைகளை எப்படி எடுப்பது? இருமலும் சளியும் முற்றிலும் நின்ற பிறகு, குறைந்தது ஆறு வாரங்கள் கழித்து, கொழுப்புப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். டிரைகிளிசரைடு தெளிவாகத் தெரிய இந்த முறை வெறும் வயிற்றில். எச்எஸ்-சிஆர்பியை அன்று ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. பல் பிடுங்கியிருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, தடுப்பூசி போட்டிருந்தாலோ தள்ளிப்போடுங்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்வழியாகச் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியே போவதால் சிஆர்பியை ஏற்றிக் காட்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற, எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகளின் அளவைப் பாருங்கள். அது பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானமாவது. அப்பாவுக்கு 51 வயதில் வந்ததற்கு அதில் விடை இருக்கலாம்.

இடுப்புச் சுற்றளவு கூடியிருந்தால் எடையைக் குறைப்பது சிஆர்பியைக் கணிசமாக இறக்கும், ஏனெனில் வயிற்றுக் கொழுப்பே இன்டர்லூக்கின்-6 சுரக்கும் இடங்களில் ஒன்று. புகைப்பழக்கம் இருந்தால் விடுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஈறில் இரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் போங்கள், அது ஈறுக்காகவே செய்ய வேண்டியது. அதனால் மாரடைப்பு குறைகிறது என்று நிரூபணம் ஆகவில்லை. முடக்குவாதம் இருக்குமானால் புகை அதையும் மோசமாக்கும்.

ஆனால் இந்த ஆறு வாரக் காத்திருப்பு கொழுப்புப் பரிசோதனைக்கு மட்டும். மூட்டு மருத்துவரைப் பார்க்க அதுவரை காத்திருக்கக் கூடாது. முடக்குவாதத்தில் அறிகுறி தொடங்கி முதல் மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் மூட்டு எலும்பு அரிபடுவதைப் பெரிதும் தடுத்துவிடலாம். தாமதித்தால் அரிந்தது அரிந்ததுதான். இந்த வாரமே நேரம் வாங்குங்கள். போகும்போது இரண்டு கொழுப்புப் பரிசோதனைத் தாள்களையும் சிஆர்பி தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, ஈஎஸ்ஆர் ஆகிய இரத்தப் பரிசோதனைகளை அவர் எழுதுவார். விறைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விடுகிறது, எந்தெந்த விரல் என்று அதுவரை தினமும் காலையில் ஒரு வரி குறித்துவைத்துக்கொண்டு, உள்ளே போனதும் அந்தக் குறிப்பை முதலில் காட்டுங்கள். சிவப்பு எழுத்துத் தாளை அதற்குப் பிறகு காட்டினால் போதும்.